ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும்? சுற்றுலாத் தாங்குதிறன் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கையின் கிழக்கில் சுற்றுலா பற்றிப் பேசும் கூட்டம் எதுவானாலும் "நிலைபேறான சுற்றுலா" என்ற சொல் தப்பாமல் வந்துவிடும். ஒருவருக்கு அது கடற்கரையில் பொலித்தீன் பொறுக்குவது. இன்னொருவருக்குக் கிடுகு வேய்ந்த குடில். விடுதி நடத்துபவருக்கு, குளியலறையில் ஒட்டிய "துவாயை மறுபடியும் பாவியுங்கள்" என்ற அட்டை. எதுவும் தப்பில்லை. ஆனால் திட்டம் போடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த இடம் கெடாமல் எத்தனை பேரைத் தாங்கும், எந்த மாதத்தில், அவர்கள் என்ன செய்தால்?

இதைத்தான் தாங்குதிறன் என்கிறார்கள். இயற்கையும் ஊரவரின் பிழைப்பும் பண்பாடும் குலையாமல், வந்தவரின் மனநிறைவும் கெடாமல், ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருக்கக்கூடிய ஆகக் கூடிய ஆட்தொகை என்பது அதன் வழக்கமான வரையறை. இதைப் படித்த உடனே பலர் அதை நிலத்தின் பரப்பளவு மாதிரி மாறாத ஓர் எண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். "இந்தக் கடற்கரை 2000 பேரைத் தாங்கும்" என்று ஒருவர் சொல்ல, அது அறிக்கையில் ஏறிவிடுகிறது. அந்த 2000 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் முறிவது எது?

ஒரு சாமத்திய வீட்டை எடுத்துக்கொள்வோம். முற்றத்தில் பந்தல் போட்டால் 400 பேர் இருக்கலாம். கதிரை வாடகைக்குக் கிடைக்கும். சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடலாம். மலசலகூடம் மட்டும் ஒன்றுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு அதன் குழி நிரம்பிவிட்டால், பந்தல் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? அந்த வீட்டின் தாங்குதிறனை முடிவு செய்வது முற்றம் இல்லை, குழிதான்.

சுற்றுலா இடத்திலும் கணக்கு இதேதான். குடிநீர், கழிவுநீர், பாதை, படகு, பறவை, மீனவர் வள்ளம் இழுக்கும் கரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. எல்லாவற்றிலும் சிறிய எல்லை எதுவோ அதுவே முழு இடத்தின் எல்லை. அந்த ஒன்றை மட்டுப்படுத்தும் காரணி என்பார்கள்.

மட்டக்களப்பு மாவட்டக் கடற்கரையான பாசிக்குடாவில் கடல் வெகு தூரம் வரை இடுப்பளவு ஆழத்தில்தான் கிடக்கும், அலையும் குறைவு. குளிக்க எத்தனை பேர் இறங்கினாலும் இடம் இருப்பதாகத்தான் கரையில் நிற்பவருக்குத் தோன்றும். இங்கே குளிப்பவர் எண்ணிக்கை முட்டுவதற்கு முன்பே கிணறு முட்டும், மலக்குழி முட்டும், கரைவலை இழுக்க இடமில்லாமல் மீனவர் முட்டுப்படுவார்கள்.

சுருக்கமாக: ஓர் இடத்துக்குப் பல எல்லைகள் உண்டு. திட்டமிடலின் முதல் வேலை, அவற்றில் எது முதலில் முறியும் என்று கண்டுபிடிப்பது.

ஓகஸ்ட் மாதக் கிணறு

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் பெரும்பாலும் அந்த முதல் எல்லை தண்ணீர். காரணம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. எங்களுக்குப் பெரும்பான்மை மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வாடைக்காற்றோடு வருகிறது. பாசிக்குடாவுக்கும், அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பேக்கும் ஆட்கள் வருவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அதாவது நிலத்தடி நீர் ஆகக் கீழே போகும் மாதங்களில்தான் அறைகள் நிரம்புகின்றன. ஆண்டுச் சராசரியை எடுத்துப் போட்ட கணக்கு இதை அப்படியே மறைத்துவிடும்.

கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அளவில் கனம் கூடியது. அதனால் நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது சமநிலைக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். கிணற்று மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழிருக்கும் உவர்நீர் எல்லை 4 மீற்றர் மேலே வர இடமுண்டு. களிமண் படையும் பாறையும் இருக்கும் விதத்தைப் பொறுத்து இது கூடலாம் குறையலாம். ஆனாலும் மேலே சின்னதாகத் தெரியும் இறக்கம் கீழே பெரிய ஏற்றமாகிறது என்பது மாறாது.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதைப் போலவே எப்படி எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆழக் குழாய்க் கிணற்றில் பெரிய மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவில் எழும்பும். அதே அளவை ஆழம் குறைந்த, அகன்ற கிணறுகள் சிலவற்றிலிருந்து மெதுவாக எடுத்துத் தாங்கியில் சேர்த்தால் பாதிப்பு குறைவு. உவர்த்துப் போனால் விடுதிக்காரர் பவுசரில் தண்ணீர் வாங்குவார். பக்கத்து வீட்டுக்காரரால் அது முடியாது. அதனால்தான் தண்ணீர் எல்லையை விடுதியின் குழாயில் பார்க்கக் கூடாது, ஊர்க் கிணற்றில் பார்க்க வேண்டும்.

கழிவுநீர் இதன் மறுபக்கம். மணலில் குழி வெட்டினால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். "எங்கள் குழி நிரம்புவதே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பவில்லை என்றால் அது எங்கோ போகிறது என்றுதான் அர்த்தம். நவம்பர் மழையில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியைத் தொடும்போது அது எங்கே போனது என்பது தெரியவரும்.

எண் எப்படிப் பிறக்கிறது?

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மிகுவேல் சிஃபுவென்ட்டஸ் என்பவர் 1992இல் கொஸ்டாரிக்காவில் முன்வைத்த முறை இது. காப்புக் காடுகளுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் பல நாடுகளில் பயன்படுகிறது. வாவிக்கரைக் கண்டல் காட்டுக்குள் 400 மீற்றர் மரப்பாதை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்தவை.

முதல் படி பௌதிகக் கொள்ளளவு: இடம் கொள்ளும் ஆட்கள், அவ்வளவுதான். ஆளுக்கு 1 மீற்றர் என்றால் 400 பேர். பாதை திறந்திருப்பது 6 மணித்தியாலம், ஒரு சுற்றுக்கு 45 நிமிடம், ஆகவே நாளுக்கு 8 முறை. 400ஐ 8ஆல் பெருக்க 3200. பல அறிக்கைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இது ஆட்களை வரிசையாக அடுக்கிவைத்த எண், நடக்கக்கூடிய எண் இல்லை.

இரண்டாம் படி மெய்யான கொள்ளளவு. இங்கே நிலைமைகளுக்கு ஏற்ப வெட்டுகிறோம். 8 பேர் கொண்ட குழுக்களாக, குழுவுக்குக் குழு 100 மீற்றர் இடைவெளியில் போனால் ஒரே நேரத்தில் 4 குழுக்கள், 32 பேர்தான். நாளுக்கு 256. உச்சி வெயிலில் 2 மணித்தியாலம் ஒருவரும் நடக்க மாட்டார்கள். 6இல் 4 மணித்தியாலம் மிச்சம், எண் 170 ஆகிறது. பாதையில் 100 மீற்றர் கொக்குகள் கூடு கட்டும் மரங்களை ஒட்டிப் போகிறது. அந்தப் பகுதியை மூடினால் நான்கில் மூன்று பங்கு மிஞ்சும், 128.

மூன்றாம் படி செயல்படு கொள்ளளவு: நிர்வகிக்க ஆள் இருக்கிறதா? 8 பணியாளர் தேவை, இருப்பவர் 5 பேர் என்றால் எட்டில் ஐந்து பங்கு. நாளுக்கு 80 பேர்.

3200இல் தொடங்கி 80இல் வந்து நிற்கிறோம். கண்டல் காட்டில் ஓர் இலைகூட இடம் மாறவில்லை. மூன்று பேரை வேலைக்குச் சேர்த்தால் 80 மறுபடியும் 128 ஆகிவிடும். குழு இடைவெளியை 50 மீற்றராக்கினால் 256 என்பது 512 ஆகும். 100 மீற்றர் வேண்டுமா 50 போதுமா என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. எப்படிப்பட்ட அனுபவத்தை அங்கே வைத்திருக்க விரும்புகிறோம் என்று மனிதர்கள் உட்கார்ந்து எடுக்கும் முடிவு அது. ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அதற்குள் இருக்கும் முடிவுகளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அது கணக்கே இல்லை.

தலையை எண்ணினால் போதாத இடங்கள்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் நல்ல உதாரணம். மழையில்லாத மாதங்களில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால், தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் இசை போன்ற அந்த ஒலி கேட்கும். பத்துத் தோணிகள் சத்தமில்லாமல் நின்றாலும் பத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். எஞ்சின் படகு ஒன்று ஓடினால் ஒருவருக்கும் கேட்காது. துடுப்புத் தோணிக்கு எல்லை பத்தோ இருபதோ இருக்கலாம். எஞ்சின் படகுக்கு எல்லை பூச்சியம். வருபவர் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, செய்யும் செயலை மட்டும் மாற்றினாலே தாங்குதிறன் மாறிவிடுகிறது.

அறுகம்பேயில் வேறு விதம். அங்குள்ள முக்கிய அலைச்சறுக்கு இடமான மெயின் பொயின்ற்றில் ஓர் அலையை ஒழுங்காகச் சறுக்குவது ஒருவர்தான். கரையில் ஆயிரம் பேர் இருக்கலாம், நீரில் வரிசை நிற்பவர் தொகை ஓர் அளவைத் தாண்டினால் மோதலும் சண்டையும்தான். பழகுபவர்களை அலை சிறிதான பேபி பொயின்ற் பக்கம் அனுப்புவது ஊர்ப் பயிற்றுநர்கள் தாங்களாகவே செய்துவரும் வலயப் பிரிப்பு. வலயப் பிரிப்பு என்றால் ஒரே இடத்தை வெவ்வேறு பயன்களுக்கு வெவ்வேறு விதிகளோடு பகுத்துவிடுவது. எழுதி வைக்காவிட்டாலும் அதுவும் திட்டமிடல்தான்.

கோயில்கள் இன்னும் சிக்கலானவை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் கூடும் சனத்துக்கு முன்னால் எந்த உல்லாசப் பயணி எண்ணிக்கையும் தூசு. அன்றைக்கு அந்த இடம் அதைத் தாங்குகிறது, ஏனென்றால் வந்தவர் எல்லோருக்கும் எங்கே நிற்பது, எப்போது விலகுவது என்று தெரியும். அதே வீதியில் சாதாரண வெள்ளிக்கிழமைப் பூசை நேரத்தில் கமராவோடு நுழையும் ஒரு பஸ் கூட்டம் பாரமாகிவிடும். வழிபாடு நடக்கும் மரபிடங்களில் எண்ணைவிட நேரமும் நடத்தையும் முந்துகின்றன. பூசை நேரத்தில் சுற்றுலாக் குழு வேண்டாம், உள்வீதியில் படம் வேண்டாம் என்ற இரண்டு விதிகளே ஆயிரம் நுழைவுச்சீட்டுக் கட்டுப்பாட்டுக்குச் சமம்.

"பரப்பி விடுவோம்" என்ற யோசனை

கூட்டம் கூடினால் உடனே வரும் யோசனை இது: ஆட்களைப் புதுப் புது இடங்களுக்குப் பிரித்து அனுப்புவோம். நியாயமாகத்தான் படுகிறது. மண்ணும் செடியும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

மிதிபடும் தாவரங்களில் பெரும் சேதம் முதலில் வரும் கொஞ்சப் பேராலேயே நடந்துவிடுகிறது. ஏற்கெனவே வெறும் மண்ணாகிவிட்ட ஒற்றையடிப் பாதையில் 50 பேர் போனாலும் 500 பேர் போனாலும் செடிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. காலே படாத இடத்தில் 50 பேர் போனால் எல்லாம் போச்சு. அறுகம்பேக்குத் தெற்கே பாணமை, உகந்தைப் பக்க மணல்மேடுகளை நினைத்துப் பாருங்கள். அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். கொடியின் கணுக்கள் சில மிதிபட்டு அறுந்தால் அங்கே மணல் வெறுமையாகும், காற்று அந்த வாயிலைத் தோண்டிப் பெரிதாக்கும், மேடு உடைந்து மணல் உள்ளே நகரும். 2004 டிசம்பர் 26 கடற்கோளின்போது மணல்மேடு தாழ்ந்திருந்த, வெட்டப்பட்ட இடங்களின் ஊடாக அலை சுலபமாக உள்ளே புகுந்தது. பத்து இடங்களில் மேட்டை மிதிக்க விடுவதைவிட, ஓரிடத்தில் மரப்படி போட்டு எல்லோரையும் அதன் வழியாக அனுப்புவது நல்லது.

கதிர்காமப் பாதயாத்திரை இதற்கு ஊரிலேயே இருக்கும் சான்று. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டி, குமண, யால காடுகளின் ஊடாகப் பல்லாயிரக்கணக்கானோர் போகிறார்கள். ஆனால் காட்டு வழி திறப்பது திருவிழாவை ஒட்டிய குறுகிய நாட்களுக்கு மட்டும், அதுவும் ஒரே தடத்தில். மிச்சக் காலம் காடு ஆறிக்கொள்கிறது. அங்கே ஆண்டுதோறும் மிஞ்சும் தலைவலி வெற்றுப் போத்தல்களும் பொலித்தீனும். காலடித் தடத்தைக் காடு மூடிவிடும், போத்தலை மூடாது.

சுருக்கமாக: சில இடங்களில் குவிப்பதும் சில காலம் மூடுவதும், பரப்புவதைவிடக் குறைந்த சேதம் தரும்.

எத்தனை பேர் என்பதிலிருந்து எவ்வளவு மாற்றம் என்பதற்கு

எண்ணிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் இப்படிப் பல முடிச்சுகள் விழுவதால், அமெரிக்க வனச் சேவையின் ஆய்வாளர்கள் 1985இல் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். ஆட்கள் வந்தால் மாற்றம் வரத்தான் செய்யும். எவ்வளவு மாற்றம் வரை பொறுக்கலாம்? அந்த அளவை முன்கூட்டியே எழுதி வைத்து, அதை எட்டினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதி வைக்கும் இந்த முறைக்கு ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை என்று பெயர்.

இதற்குச் சுட்டிகள் வேண்டும். சுட்டி என்பது நிலைமை கெடுகிறதா என்று காட்டும், மலிவாக அளக்கக்கூடிய ஒரு பொருள். நாற்பது சுட்டி போட்ட திட்டம் இரண்டாம் ஆண்டிலேயே அலமாரிக்குள் போய்விடும். நாலைந்து போதும்.

கிணற்றுக்கு மின்கடத்துதிறன் மானி. பேனா அளவுக் கருவி, தண்ணீரில் நனைத்தால் உப்பின் அளவுக்கு ஏற்ப எண் காட்டும். ஒரே கிணறு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, விடியற்காலையில், மோட்டர் போடுவதற்கு முன். நேரம் மாறினால் எண்ணும் மாறும், பிறகு ஒப்பிட முடியாது.

கல்லோயா தேசியப் பூங்காவின் சேனநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும். படகில் போய்ப் பார்ப்பதே அங்குள்ள சிறப்பு. அங்கே படகுகளை எண்ணுவதோடு, நீந்திக்கொண்டிருந்த யானை படகைக் கண்டு திரும்பிய தடவைகளையும் எண்ணலாம். பத்துப் பயணத்தில் ஒன்றுக்கு மேல் அப்படி நடந்தால் தூர விதியைக் கூட்டுவது, அதற்கும் சரிவராவிட்டால் படகைக் குறைப்பது என்று முன்பே எழுதிவிட வேண்டும். நடந்த பிறகு கூட்டம் போட்டால், படகு வாங்கக் கடன் எடுத்தவர்தான் அங்கே சத்தமாகப் பேசுவார். அது நியாயமும்கூட.

மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்தது. இவ்வளவு பழைய மதிலில் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டிவிடுவது பழைய உத்தி. வெடிப்பு அசைந்தால் கண்ணாடி உடையும். ஆட்களை விடுவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். தொடக்க நிலை அளவீடு இல்லாவிட்டால், மதிலுக்குள் இறங்கிய அரசமர வேர் செய்த வேலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழி ஏற்பார்கள். வேர் அப்படியே இருக்கும், நுழைவுதான் மூடப்படும்.

திட்டம் உடையும் இடங்கள்

முதலாவது, துண்டு துண்டாக அனுமதிப்பது. 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி, 99 அறைகளைத் தாண்டும் விடுதித் திட்டங்கள் சுற்றாடல் தாக்க ஆய்வுக்கு, அதாவது திட்டம் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் ஆய்வுக்கு, உட்படும் பட்டியலில் வருகின்றன. உணர்திறன் மிக்க இடங்களுக்கும் கரையோர வலயத்துக்கும் தனி விதிகள் உண்டு. ஆனால் ஒரே மணல் திட்டின் மேல் 30 அறை விடுதிகள் பத்து வந்தால், ஒவ்வொன்றும் தனியாகச் சிறியது, கிணற்றுக்கு மட்டும் 300 அறை. இப்படிச் சேர்ந்து வரும் பாரத்தைக் கூட்டுத்தாக்கம் என்பார்கள். அதைப் பார்க்க வேண்டிய இடம் தனி விடுதியின் விண்ணப்பமல்ல, முழுப் பிரதேசத்துக்கான திட்டம்.

இரண்டாவது, எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவது. கடற்கரை பளிச்சென்று இருக்கும், குப்பை எங்கே போனது என்று யாரும் பார்ப்பதில்லை. ஊர்க் குப்பையோடு விடுதிக் குப்பையும் சேரும் இடம் உள்ளூராட்சி சபையின் மேடுதான். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் செத்தது 2022 ஜனவரியில் உலகச் செய்தியானது. யானை பார்க்க ஆட்களை அழைக்கும் மாவட்டம் இது.

மூன்றாவது, போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையைக் கணக்கில் எடுக்காதது. நீண்ட வார இறுதி ஒன்றில் உள்ளூர்ப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பெரும்பாலானோர் அறை எடுப்பதில்லை, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இரவே திரும்புவார்கள். விடுதிப் பதிவேட்டை வைத்து எண்ணும் திட்டத்தில் இவர்கள் இல்லவே இல்லை. வாகனத் தரிப்பிடம், மலசலகூடம், குப்பைத் தொட்டி மூன்றையும் அந்த நாட்களின் அளவுக்கே போட வேண்டும்.

நான்காவதுதான் ஆகச் சாதாரணமானது: அளப்பவர் யார் என்று எழுதாதது. மானியை யார் வைத்திருப்பது, பற்றரி போனால் எந்தச் செலவுத் தலைப்பில் வாங்குவது, எண்ணை எந்த மேசைக்கு அனுப்புவது என்று பெயரல்லாமல் பதவி குறித்து எழுதியிருந்தால்தான் ஆள் மாறினாலும் வேலை ஓடும்.

பெரிய திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்படும். தடித்த புத்தகம், எல்லாவற்றையும் படிக்க முடியாது. நீர் அட்டவணையை முதலில் திறந்து, மாதிரி எடுத்த மாதத்தைப் பாருங்கள். டிசம்பர் என்றிருந்தால், ஓகஸ்ட் அளவு எங்கே என்று கேட்டு எழுத்தில் கொடுங்கள்.